பூரணி கேட்ட பற்றுச்சீட்டு

1957 அக்டோபர் 9. விண்ணப்பம், முத்திரையுடன்: 25 சதம்.
அக்டோபர் 28. மஸ்கெலியா பஸ், போய்வர: 1 ரூபாய் 10 சதம்.
நவம்பர் 4. சான்றிதழ் நகல்: 1 ரூபாய்.
டிசம்பர் 2. மறுபடியும் மஸ்கெலியா பஸ்: 1 ரூபாய் 10 சதம்.
டிசம்பர் 28. முத்திரை: 10 சதம்.

கொய்யாமலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எஸ்.எஸ்.சி. தேறிய முதல் பெண் பொன்னையாவின் மகள் பூரணி. மஸ்கெலியாவுக்கு அப்பால் ஆத்துத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை காலியானதும் விண்ணப்பம் போட்டாள். அக்டோபர் கடைசியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத் தெரிவும் செய்துவிட்டார்கள். ஜனவரி இருபதாம் தேதி வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய காரியம்.

முடியவில்லை. சான்றிதழ் நகலைக் கொடுக்கப் போனபோது ஆத்துத்தோட்டத்து ஆபீசில் இருந்த சின்னக் கிளாக்கர், கொய்யாமலைப் பேர்ப்பதிவில் உன் பெயர் உண்டா என்று கேட்டு வைத்தார். விடுமுறை நாட்களில் சட்டைத் துணிக்காகக் கொழுந்து பறித்தவள் அவள், உண்டு என்றாள். அப்படியானால் பற்றுச்சீட்டு கொண்டு வா என்றார். தோட்டத்தில் வேலை செய்தவர் முறைப்படி விலகினார் என்று தோட்ட நிர்வாகியான துரை கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு அது. அது இல்லாமல் இன்னொரு தோட்டம் ஆளைச் சேர்க்காது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, ஆசிரியைக்கு அது எதற்கு என்று பூரணிக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கொய்யாமலை ஆபீசில் பெரிய கிளாக்கர் கனகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“தனிச்சீட்டு வெட்டுற வழக்கம் இஞ்ச இல்லைப் பிள்ளை. கலியாணம் கட்டாத பெட்டையின்ர பேர் தகப்பன்ர பேரோடதான். பேரை வெட்டினா முழுக் குடும்பத்தையும் வெட்டவேணும். பிறகு குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விட்டுட்டுப் போகவேணும்.”

“நான் படிச்சுக் குடுக்கத்தானேங்க போறேன்?”

“நீர் மந்திரியாப் போனாலும் அதுதான்.”

கலியாணம் கட்டினால் மட்டும் தனியாக வெட்டலாமாம். இது தாய் அழகம்மா காதில் விழுந்ததுதான் தாமதம், நல்லதண்ணிப் பக்கம் லொறி ஓட்டும் தன் அண்ணன் மகன் வீரய்யாவின் பேச்சை எடுத்துவிட்டாள்.

“வாத்தியார் வேலைக்கு எதுக்கும்மா புருஷன்?” என்றாள் பூரணி. “அவரா வந்து கரும்பலகைய தொடைக்கப் போறாரு?”

“தொடைச்சா என்னா? ஒங்கப்பன் இத்தன வருசத்துல ஒரு கோப்பையாவது கழுவியிருக்காரா?”

மறுநாளே பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களெல்லாம் கலியாணம் எப்போது என்று கேட்டார்கள். வேலையைப் பற்றி ஒருத்திகூடக் கேட்கவில்லை.

பொன்னையா தன் பங்குக்கு அலைந்தார். கங்காணி துரையைப் பார்க்கச் சொன்னார். துரை கிளாக்கரைப் பார்க்கச் சொன்னார். கிளாக்கர் இது துரையின் உத்தரவு என்றார். பொறுத்துப் பார்த்த பூரணி, தனிச்சீட்டு கிடைக்காத கதையை ஆத்துத்தோட்டத்துத் துரைக்கே இங்கிலீசில் எழுதிப் போட்டாள். வருடம் பிறந்தது, பொங்கலும் போனது, பதில் இல்லை. “கடுதாசி எழுதி என்னாத்த கண்ட?” என்று அழகம்மா வேறு.

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள், ஜனவரி பதினாறு, காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொண்டிருந்த துரைக்கு முன்னால் பொன்னையா போய் நின்றார். அந்தத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, துரைமார் முன் தலை நிமிர்ந்து பேசாதவர்.

“அப்ப எல்லாரு பேரையும் வெட்டிருங்க தொர. மூணு பேரு. எம்புள்ள வேலைக்குப் போகணும்.”

துரை கனகலிங்கத்தைப் பார்த்தார். ஒன்றரை மாதமாக நகராத சீட்டு மத்தியானத்துக்குள் கையெழுத்தாகி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். ஆத்துத்தோட்டத்தில் கவ்வாத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், தனக்கும் அழகம்மாவுக்கும் அங்கே வேலை கிடைக்கும் என்று பொன்னையா நம்பினார். அழகம்மா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டினாள்.

பாதி கட்டியிருக்கும்போது தபால்காரர் வந்தார். ஆத்துத்தோட்டத்துத் துரை எழுதியிருந்தார். லீவில் போயிருந்ததால் பதில் தாமதமாம். பற்றுச்சீட்டு தொழிலாளருக்கு மட்டுமாம், ஆசிரியைக்கு அது தேவையே இல்லையாம், தன் கிளாக்கர் தெரியாமல் கேட்டுவிட்டாராம். பூரணி தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். பொன்னையா சாக்கின் மேல் உட்கார்ந்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து ஆபீசுக்கு ஓடினார். வெட்டிய பேரைத் திரும்பப் போடும் வழக்கமும் அங்கே இல்லையாம்.

கடிதம் வந்து சேர்ந்தது 1958 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை.