தண்ணீருக்குக் கட்டைவிரல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போயிற்று. ஐந்தாவதோடு நின்ற படிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ஓசூரில் ஒரு நூல் கம்பெனியில் சேர்ந்தேன். சூப்பர்வைசருக்குக் கன்னடம் மட்டும்தான் வரும். அதனால் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார்கள். சொல்லோடு கையையும் ஆட்டினால் மறக்காதாம். ‘பா’ என்றால் வா, கையால் காற்றை இழுப்பார்; ‘ஹோகு’ என்றால் போ, தள்ளுவார். நாங்கள் என்ன கைக்குழந்தைகளா?

நான் கர்நாடக எல்லையோரத்துத் தளி ஊர்க்காரி, கன்னடம் கேட்டே வளர்ந்தவள். அதைச் சொல்லவும் கூச்சம், ஆண்கள் முன்னால் கையை ஆட்டவும் கூச்சம். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

“இந்தம்மாவுக்கு ஏறாது. நாளைக்கும் வாயத் தொறக்கலைன்னா வீட்டுக்குத்தான்” என்று வாத்தியார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை.

மறுநாள் சூப்பர்வைசரும் வந்து நின்றார். வாத்தியார் கட்டைவிரலை வாய்க்கு நேரே கவிழ்த்து, “இது என்னம்மா?” என்றார். அவர் கேட்டது தண்ணீரை, ‘நீரு’ என்ற சொல்லை. எந்த ஊரில் அந்த விரலுக்குத் தண்ணீர் என்று அர்த்தமோ.

“ஹெண்ட” என்றேன். கன்னடத்தில் கள்ளு.

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நிம்து யாவூரம்மா?”

“தளி.”

வகுப்பு போதும், மெஷினுக்குப் போ என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகும் மெத்தப் படித்த அந்த வாத்தியார் தண்ணீருக்கு அதே விரலைத்தான் காட்டினார். எத்தனை நாள் என்பது நினைவில்லை. கூட வேலை செய்தவர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள்.