தையற்கடைக் கதவில் ஒட்டியிருந்த காகிதம்

புளியங்கொட்டைப் பசை வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். புளி வாசனையும் இல்லை, சோறு வடித்த கஞ்சி வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே மூக்கைச் சுருக்கவைக்கிற ஒன்று, அந்த வருஷம் சித்திரை மாதத்தில் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக் கடைக் கதவுகளெல்லாம் அந்த வாசனைதான் அடித்தன. நாற்பத்திரண்டாம் வருஷம் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வருஷக் கணக்கு தெரியாது. "ஜப்பான்காரன் குண்டு போட வரான்" என்று ஊர் ஓடின வருஷம் என்றுதான் தெரியும். ஓடிப்போன கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் கதவைப் பூட்டி, எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று ஒரு காகிதத்தில் எழுதி, பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை என் மருமகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழையை அவள் திருத்தட்டும், நடந்ததைத் திருத்த விடமாட்டேன்.

எங்கள் வீடு கச்சேரி ரோட்டை ஒட்டின ஒரு சந்தில், "விறகுத்தொட்டி"க்குப் பின்னால் இருந்தது. அப்பா தொட்டியில் விறகு பிளந்தார், அம்மா அஞ்சலை பெரிய வீடுகளில் நெல் குத்தினாள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு முடித்ததும் அம்மா என்னையும் உலக்கைக்குத் துணையாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்தச் சந்தில் இருந்த பதினாறு குடித்தனத்தில் ஓர் எழுத்தாவது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குப் "படிப்பு" என்றே பெயர். பத்து வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன்.

ஊர் காலியாக ஆரம்பித்ததும் என் மதிப்பு இன்னும் ஏறியது. எந்தக் கடை திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, உப்பு எங்கே கிடைக்கும், மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று ஒருவருக்கும் எதுவும் தெரியாது. காலையில் நான் ரோட்டில் ஒரு சுற்றுப் போய், கதவு கதவாக நின்று எழுத்துக் கூட்டிவிட்டு வருவேன். குழாயடியில் குடங்களோடு சந்தே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

"இன்னாமே படிப்பு, மண்ணெண்ணெய்க் கடை இன்னா சொல்லுது?"

"பூட்டிக்கீது. திண்டிவனம் போய்ட்டாங்களாம். அடுத்த மாசம் வருவாங்களாம்."

"அதுவரைக்கும் ஜப்பான்காரன் காத்துக்கினு இருப்பானா இன்னா?" என்று யாராவது சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் முகம் மாறிவிடும். போவதா, இருப்பதா என்று யாருக்கும் புரியவில்லை. எங்களுக்குப் போக ஓர் ஊரும் இல்லை.

காகிதங்களில் உள்ளதை முழுதாகப் படித்தேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். அச்சு மாதிரி பெரிதாக எழுதியிருந்தால் கூட்டிவிடுவேன். சேர்த்து எழுதியிருந்தால் ஊர்ப் பெயரைப் பிடிப்பேன், மாதத்தைப் பிடிப்பேன், நடுவில் உள்ளதை நானே நிரப்பிக்கொள்வேன். அதுவரை எதுவும் தப்பாகப் போகவில்லை. போயிருந்தாலும் அப்போது இருந்த குழப்பத்தில் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

அக்கா ராஜாத்திக்கு அந்த வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அடையாறில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையலுக்குக் கையாள். துரைசானி ஊருக்குக் கப்பல் ஏறும்போது நல்ல "கோட்டுத் துணி" ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார் என்று அவருடைய அம்மா ஆழ்வார்பேட்டை முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். வைகாசி வெயிலில் கோட்டு! ஆனால் யுத்தகாலத்தில் அந்த மாதிரித் துணியைக் கண்ணால் பார்ப்பதே அதிசயம். அது போனால் இன்னொன்று கிடையாது. அதைத் தைக்கக் கொடுத்திருந்தது எங்கள் சந்து முனையில் இருந்த தையற்கார பாயிடம். அவர் தைத்தால் ஒழுங்காக இருக்கும் என்று சம்பந்திக்குச் சொன்னது எங்கள் அம்மா.

பாயை எனக்கு நன்றாகத் தெரியும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருப்பார். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மெஷினை நிறுத்தி, துவைத்த குல்லாய் வைத்துக்கொண்டு மசூதிக்குப் போவார். மகளே என்கிற மாதிரி என்னை "பேட்டி" என்று கூப்பிட்டு, வெட்டி விழுந்த துணி ஓரங்களைக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே வீட்டாரை அழைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பலகைக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு மேலே காகிதம். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

அந்தக் காகிதத்தைப் பார்த்து நான் திகைத்துப்போய் நின்றேன். ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. வளைந்து வளைந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மேலும் கீழும் புள்ளி புள்ளியாக, எறும்புகள் வரிசை கலைந்து ஓடின மாதிரி இருந்தது. இது வேறு பாஷையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் இந்த எழுத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது, அதற்குள் அம்மா என்னை நிறுத்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அம்மாமேல் அழுகை அழுகையாகக் கோபம் வந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சேதி நிற்குமா? மறுநாள் காலையிலேயே ஆழ்வார்பேட்டையிலிருந்து சம்பந்தியம்மா வந்துவிட்டாள், கூடவே அவள் தம்பி, அவன் தோளில் ஒரு கடப்பாரை. கடை முன்னால் சந்தே கூடிவிட்டது. அம்மா ஓடிவந்தாள், பின்னாலேயே அக்கா; அக்காவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா அஞ்சல, நல்ல ஆளுகிட்டதான் கொடுக்கச் சொன்னே! எம் புள்ள துணி எங்க போயிக்கினு கீதோ?"

"அவரு அப்படிப்பட்ட மனுசன் இல்லம்மா. உள்ளதான் இருக்கும்."

"உள்ள கீதா, ஊர் தாண்டிச்சான்னு நாங்க பாத்துக்கிறோம். டேய், ஒடைடா பூட்டை!"

"ஒடைக்காதீங்க! நாளைக்கு வந்து கேட்டா அந்த மனுசனுக்கு நான் எந்த மூஞ்சியக் காட்டுவேன்?"

"மூஞ்சியைப் பத்திப் பேசுறியா? கோட்டு இல்லேன்னா கல்யாணமும் இல்ல. அப்ப உம் பொண்ணு மூஞ்சி எங்க போவுதுன்னு பாரு."

தம்பிக்காரன் கடப்பாரையை இறக்கிப் பூட்டின் வளையத்தில் நுழைத்துவிட்டான். அப்போதுதான் கூட்டத்தில் யாரோ, "இருங்கப்பா, காகிதம் ஒட்டிக்கீதே, படிப்பைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இன்னாடி எழுதிக்கீது? நல்லாப் பாத்துச் சொல்லு."

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். "தெரியலை" என்ற ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்கலாம். வரவில்லை. காகிதத்தின்மேல் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நகர்த்தி, கூட்டிக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி இழுத்துச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை... வருவேன். கல்யாணத் துணி... பத்திரமா கீது."

என் வாயில் ஏன் வெள்ளிக்கிழமை வந்தது என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

சம்பந்தியம்மா காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. "வெள்ளிக்கிழமையா? சரி. ரெண்டு நாள்தானே. வரலேன்னு வெச்சுக்கோ, பூட்டு மட்டும் இல்ல, சம்பந்தமும் ஒடைஞ்சிடும், சொல்லிட்டேன்" என்று தம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் அப்படித் தடவினது அந்த ஒரு தடவைதான்.

அந்த இரண்டு நாளும் என் கால் கடைப் பக்கமே போயிற்று. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய்க் காகிதத்தின் எதிரில் நிற்பேன். உற்றுப் பார்த்தால் எங்கேயாவது ஒரு "வெ" தெரிந்துவிடாதா என்று பார்ப்பேன். படித்தவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் போய்க் கேட்கலாமா என்று இருக்கும், அவர் உரக்கப் படித்துவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மெய்யாலுமே வெள்ளிக்கிழமைன்னுதான் போட்டிருந்துச்சா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்தபிறகு, ஒருவேளை அப்படித்தான் போட்டிருந்ததோ என்று எனக்கே கொஞ்சம் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். தம்பிக்காரன் கடை வாசலில் கடப்பாரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உச்சிப்பொழுது ஆயிற்று, பாய் வரவில்லை. மசூதியில் தொழுகை முடிந்து நாலைந்து பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். "இன்னாடி படிப்பு, உன் எழுத்து வந்து சேரலியே" என்று சம்பந்தியம்மா சிரித்தாள். அப்பா விறகுத்தொட்டியிலிருந்து கோடாலியோடு வந்து பூட்டின் பக்கத்தில் நின்றார். உடைக்க வந்தாரா, காக்க வந்தாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. தம்பிக்காரன் எழுந்தான்.

அந்த நேரத்தில்தான் ரோட்டு முனையில் துவைத்த குல்லாய் தெரிந்தது.

பாய் தனியாக நடந்துவந்தார், முழங்கால்வரை புழுதி. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். அம்மாதான் ஓடிப்போய், "எழுதி வெச்ச மாதிரியே வந்துட்டீங்க பாய்! வெள்ளிக்கிழமை வருவேன்னு நீங்க எழுதினத எம் பொண்ணு படிச்சுச் சொன்னா; அதனாலதான் இவுங்க பூட்டை ஒடைக்காம வுட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

பாய் பூட்டைப் பார்த்தார். தம்பிக்காரன் கையில் இருந்த கடப்பாரையைப் பார்த்தார். நூல் கட்டின கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"படிச்சுட்டியா பேட்டி?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஆமாம்மா, வெள்ளிக்கிழமைன்னுதான் எழுதினேன்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு பூட்டைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோட்டுத் துணி உள்ளேதான் இருந்தது, வெட்டின வெட்டோடு. பொழுது சாய்வதற்குள் மெஷினை மிதித்துத் தைத்து முடித்தார். சம்பந்தியம்மா தைத்த கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் நீளமாக் கீது" என்றாள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்து வழிந்தார்.

அதன்பிறகு குழாயடியில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஊரார் மெல்ல மெல்லத் திரும்பிவந்தார்கள். பாயும் வீட்டாரை அழைத்துவந்து ஒன்றிரண்டு வருஷம் கடை நடத்தினார். அவர் முன்னால் போகும்போதெல்லாம் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். என்ன என்று கேட்பது? கேட்டால் நான் படிக்கவில்லை என்று ஆகிவிடுமே. அவரும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துணி ஓரம் கொடுக்கும்போது மட்டும் சிரிப்பார்.

எனக்குக் கல்யாணமாகித் திருவல்லிக்கேணிக்குப் போனபிறகுதான் மசூதிக்குப் பக்கத்து அத்தர்க் கடைப் பலகையில் அதே எழுத்தைப் பார்த்தேன். அதே சாய்வு, அதே புள்ளிகள். "இது எந்த வகுப்பு எழுத்து?" என்று பக்கத்து வீட்டு பீபியம்மாவைக் கேட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது உருதும்மா. இதை இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்குப் படிக்கணும்" என்று வலமிருந்து இடமாக விரலை ஓட்டிக் காட்டினாள். நானோ அன்றைக்கு இடமிருந்து வலமாக ஓட்டினேன், பாயின் காகிதத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அடுத்த வாரமே மயிலாப்பூர் போனேன். பாய் கடையை விற்றுவிட்டு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கதவில் காகிதம் ஒன்றும் இல்லை.

எனக்கு இன்றுவரை தெளியவில்லை. அதில் என்னதான் எழுதியிருந்தார்? என் பொய்யைக் காப்பாற்ற அவரும் ஒரு பொய் சொன்னாரா, இல்லை மெய்யாகவே வெள்ளிக்கிழமை என்றுதான் எழுதியிருந்ததா? அப்படியானால் நான் சொன்னது பொய்யா, படிப்பா? எதுவும் இல்லாமல் தற்செயலாக வந்தவர் என்றால், அந்த நாளை என் வாயில் யார் வைத்தது? ஒவ்வொரு வருஷம் ஒவ்வொன்று சரி என்று படுகிறது.

இப்போது மறுபடி மயிலாப்பூரில்தான் இருக்கிறேன். விறகுத்தொட்டி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. குழாயடி இல்லை. தையற்கடை இருந்த முனையில் செல்போன் ரிப்பேர் கடை. கடைகள் இப்போதும் பூட்டுகின்றன, காகிதமும் ஒட்டுகிறார்கள். ஆனால் அச்சடித்த காகிதம், பளபளக்கிற டேப், முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனையும் கிடையாது. யாரும் யாரையும் கூப்பிட்டு, "இன்னா எழுதிக்கீது" என்று கேட்பதும் கிடையாது.

ஆனால் இந்த வாரம் திங்கட்கிழமை ஒருத்தர் கேட்டார். அந்தச் செல்போன் கடை பூட்டிக் கிடந்தது. வடக்கேயிருந்து வந்து அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை பார்க்கிற ஒருவர் கதவெதிரில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய போன் உள்ளே இருக்கிறது என்று கண்ணாடி வழியாகக் காட்டினார். வீட்டோடு பேசி எத்தனை நாளாயிற்றோ, முகம் வாடியிருந்தது. காகிதத்தைத் தொட்டு, "அம்மா, இது என்னா?" என்றார். நான் பார்த்தேன். இங்கிலீஷ். ஓர் எழுத்தும் தெரியாது எனக்கு.

விரல் தானாகக் காகிதத்தின்மேல் போயிற்று. "வெள்ளிக்கிழமை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திருவல்லிக்கேணியில் இருந்த பழக்கத்தில் "ஜும்மா, ஜும்மா" என்றேன். புரிந்துவிட்டது. கை இரண்டையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இதைச் சொல்லி எழுதச் சொல்கிற இன்று வியாழக்கிழமை. மருமகள், "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க, நாளைக்குக் கடை திறக்கலைன்னா?" என்று கேட்கிறாள். காலையில் முதல் வேலையாக முனைவரைக்கும் போய்ப் பார்க்கவேண்டும்.