மஞ்சப்பையில் இருந்த பாட்டில்

பச்சரிசியைக் கடிக்கும் 'நறுக், நறுக்' சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வருகிறது. அறுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதிருக்கும், செஞ்சி கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் அரிசிக்குக் குறைச்சல் இல்லை. அம்மா முறத்தில் புடைக்கும்போதே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கி மழ பெய்யும்" என்று எங்களை அதட்டுகிறவளே அவள்தான். "உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, அந்தத் தைரியமா?" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போது ஈறெல்லாம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். அது நோய் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் கிணற்றடியிலிருந்து சமையற்கட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஆடி மாதம் கோட்டை மலையில் எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறிப் போகிறவள், அந்த ஆடியில் அடிவாரத்துப் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நைனா, அதாவது அப்பா, அவளைக் கடைத்தெரு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அந்த வைத்தியம் நடந்த அழகைச் சொல்ல வேண்டும். டாக்டர் நைனாவைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன செய்யுது?" என்பார். நைனா அம்மா பக்கம் திரும்பி, "இன்னா பண்ணுதுன்னு கேக்கறாரு" என்பார். அம்மா தரையைப் பார்த்தபடி, "அசதியா இருக்குது" என்பாள். "ரொம்ப அசதியா இருக்குதாம்" என்று நைனா அதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மூன்று பேரும் பேசியது தமிழ்தான். சிவப்பு டானிக் ஒரு பாட்டில் வந்தது. அடுத்த மாதமும் அதே அசதி, அதே டானிக்.

அம்மா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதைச் சொல்ல நேரான வார்த்தையே கிடையாது. மாதவிலக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'வூட்டுக்குத் தூரம்' என்பார்கள். மூன்று நாள் அம்மா தோட்டத்துத் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாயோடு இருப்பாள். நைனாவின் அக்கா, அம்மாவுக்கு அண்ணி, எங்களுக்கு அத்தை, முட்டிவலியைச் சொல்லிச் சொல்லிச் சமைப்பாள். "நாலாம் நாளு தலைக்கு ஊத்திக்கினா எல்லாம் சரியாப் பூடும்" என்பது அத்தையின் வாக்கு. நாலாம் நாள் விடிந்ததும் அம்மா குளித்துவிட்டு வந்து அடுப்பை மூட்டி, சாமி விளக்கையும் ஏற்றியாக வேண்டும். உடம்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஒரு நாள் காலை அம்மா துவைக்கிற கல்லின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்துத் தண்ணீருக்கு அப்போதெல்லாம் நாமே காலி பாட்டில் கொண்டுபோக வேண்டும்; பாட்டில் இருந்த மஞ்சப்பை என் மடியில் இருந்தது. அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று பயந்து, பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தேன்.

அங்கே இருந்த நர்ஸம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். யாரையும் 'மக்களே' என்று கூப்பிடும் அவர் பேச்சைக் கேட்டு ஊரில் சிரிப்பார்கள். அம்மாவின் கீழ்இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன செய்யுது?" என்று அம்மாவையே கேட்டார். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா வாயைத் திறந்தார். நர்ஸம்மா அதற்குள், "மருந்துக்குப் பாட்டில் கொண்டு வந்தீங்களா?" என்றார்.

பாட்டிலின் கழுத்து பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதோ என்று தூக்கப் போனேன். நர்ஸம்மா பையின் மேல் கையை வைத்து அழுத்திவிட்டார். நைனா ஒரு நிமிஷம் நின்றார். "கடைக்குப் போயி எடுத்தாறேன்" என்று வெளியே போனார்.

"இனி சொல்லு மக்களே. நான் உங்க ஊருக்காரி இல்ல, உங்க சாடைப்பேச்சும் எனக்குத் தெரியாது. மாசம் எத்தன நாளு ரத்தம் போவுது?"

இப்படி ஒரு கேள்வியை அம்மாவிடம் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மூணு நாளுதான் வெளியில குந்துவேன். அப்புறமும் நிக்க மாட்டேங்குது. பத்து நாளு, பன்னெண்டு நாளு ஆவுது. அண்ணியால எத்தினி நாளு ஆக்கிப்போட முடியும்? யாராண்டயும் சொல்லாம தலைக்கு ஊத்திக்கினு உள்ள வந்துடறேன். சோறாக்கறேன், வெளக்கும் ஏத்தறேன். அவருக்குத் தெரிஞ்சா..."

"வெளக்கு ஏத்துனா சாமி ஒண்ணும் செய்யாது. இன்னும் ரெண்டு மாசம் சொல்லாம இருந்திருந்தா உன்னத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க" என்றார் நர்ஸம்மா. அவர் கண்ணிலும் நீர் இருந்தது.

நைனா ரொம்ப நேரம் கழித்துத்தான் பாட்டிலோடு வந்தார். "அடிவயித்துல கட்டி இருக்கும்போல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னார் நர்ஸம்மா. சமையல், விளக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆபரேஷன் நடந்தது, அம்மா பிழைத்து வந்தாள். உடம்பில் ரத்தம் ஊறியதும் அரிசி தின்பது தானாகவே நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் தான் சொன்னதை வீட்டில் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மேலும் முப்பத்தைந்து வருஷம் இருந்தாள்.

தாழ்வாரம் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் ரூம் இருக்கிறது. தனிச் சொம்பு என்றால் பேத்திகளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு யாரும் பாட்டில் கொண்டுபோவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும்முன் புருஷன் முகத்தைப் பார்க்கிற பெண்களை மட்டும் டாக்டர் வீட்டு வாசலில் இன்னும் பார்க்கிறேன்.

அம்மா போன பிறகு ஒரு நாள், "நர்ஸம்மா அன்னிக்கி உன்ன நல்லா ஏமாத்துனாங்க நைனா, பாட்டில் என் பையிலியேதான் இருந்துது" என்று சொல்லிச் சிரித்தேன்.

"தெரியும். பையில வெச்சதே நான்தானே" என்றார் நைனா. "நான் நின்னா அவ வாயத் தொறக்கமாட்டா. எப்படி நவுர்றதுன்னுதான் தெரியாம இருந்துது. அந்தம்மா வழி காட்டுனாங்க." பிறகு, "உள்ள இன்னாதான் சொன்னா அவ?" என்றார்.

இத்தனை வருஷம் கேட்காமல் இருந்துவிட்டாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியம் வாங்கியவள் போய்விட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். நாலாம் நாள் குளியலை, சோற்றை, விளக்கை.

"அவ்ளோதானா? இதுக்கா என்னாண்ட பயந்தா?" என்று கேட்டுவிட்டு நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை அம்மா இருக்கும்போதே அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.