முதல் ரெட்டை விசில் வரைக்கும்

என் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடப்போகிறது என்று டீக்கடையில் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பேட்டரி அறையில் எனக்கு வேலை. சரக்குத் தூக்கும் வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றி, சார்ஜ் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் திரும்ப மாட்டவேண்டும். ஒருநாள் காலையில் பேட்டரி மூடியைத் திறந்தவன் அப்படியே சாய்ந்தேன். அது மூன்றாவது மயக்கம். முதல் இரண்டையும் வீட்டில் சொல்லாமல் மறைத்திருந்தேன் என்பது ஆஸ்பத்திரியில் தெரிந்தபோது, என் மனைவி திட்டிய திட்டில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

இதயம் அவ்வப்போது அடிக்க மறந்துபோகிறது என்றார் டாக்டர். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தார்கள். உள்ளே பேட்டரி இருக்கிறது, எட்டு பத்து வருடம் தாங்கும், அதற்குப் பிறகு மாற்ற வேண்டும் என்றார்கள். ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்றார்கள். பெரிய சார்ஜர்கள் பக்கம் இனிப் போகவே கூடாது என்றும் சொன்னதால், கம்பெனியில் எனக்கு ஸ்டோர் ரூமில் இடம் ஒதுக்கினார்கள். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பும் வரைக்கும் லீவு.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். இருபத்தைந்து வருடம் பேட்டரியோடு குடும்பம் நடத்தியவனுக்கு யாரும் பேட்டரி பாடம் எடுக்க வேண்டாம் அல்லவா? வண்டி நின்றால் பேட்டரி மிச்சம், ஓடினால் செலவு. வண்டிப் பேட்டரியாவது மாலையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இது தைத்து மூடியாகிவிட்டது. உட்கார்ந்திருந்தால் இதயம் நிமிடத்துக்கு எழுபது முறை அடிக்கும், நடந்தால் நூறைத் தாண்டும். ஆக, நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் என் ஆயுளிலிருந்து கழிகிறது. இந்தக் கணக்கை யாரிடமும் கேட்காமல் நானே போட்டு, நானே சரிபார்த்து, கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு வாசலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாலு மாதம் உட்கார்ந்தேன்.

கக்கூசுக்குப் போவதைக்கூடச் சேர்த்துவைத்துப் போனேன். கையைத் தூக்காததும் ஆறு வாரத்தோடு நிற்கவில்லை. எதற்கு வம்பு என்று அப்படியே தொங்கவிட்டேன். தோள் இறுகிப்போனது. சட்டை போட மனைவி வேண்டும், தலை வார மனைவி வேண்டும். அவளோ விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, காலடிப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்றுவிட்டுப் பகலில் திரும்புகிறவள். வந்ததும் என் முகத்தில் விழிக்க வேண்டும்.

"யோவ், இன்னாய்யா இது, கடையில வச்ச பொம்ம மாதிரி குந்திகினு கீற?"

"பேட்டரி எறங்கிடும்மே. இதுக்கு சார்ஜ் போட முடியாது."

"பேட்டரி பத்து வருசம் இருக்கும்யா. நீ இருப்பியானு பாரு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எழுந்துபோய் சண்டை போட்டால் பேட்டரி செலவாகுமே என்று உட்கார்ந்தபடியே முறைத்தேன்.

நாலாவது மாதம் பரிசோதனைக்குப் போனேன். ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, வட்டமாக ஒன்றை என் நெஞ்சின்மேல் வைத்து, பக்கத்தில் இருந்த பெட்டியில் ஓடிய கோடுகளைப் படித்தாள். என் சிக்கனத்தைப் பார்த்து மெச்சப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அய்யா, வீட்ல நடக்கறதே இல்லையா?" என்றாள்.

நான் கணக்கை விளக்கினேன். அவள் சிரிக்காமல் கேட்டதற்கு இன்றைக்கும் அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"இது எப்பவும் தட்டிக்கிட்டே இருக்கற மெஷின் இல்லைங்க. உங்க இதயம் தானா ஒழுங்கா அடிச்சா, இது சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். ரொம்ப மெதுவாப் போனாதான் தட்டும். நீங்க நடந்தா உங்க இதயமே வேகமா அடிச்சுக்கும், இதுக்கு லீவு. நாலு மாசமா உக்காந்தே இருந்திருக்கீங்க, அதனால இதுதான் உங்களுக்குப் பதிலா வேலை பாத்திருக்கு. பேட்டரிக்கு இதனால பெரிய வித்தியாசம் ஒண்ணும் வந்துடாது. உங்க காலுக்கும் தோளுக்கும்தான் வந்திருக்கு."

என் மனைவி அங்கேயே சிரித்துவிட்டாள். பஸ்ஸில் சிரித்தாள். தெருமுனையில் நின்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாள். இருபத்தைந்து வருடப் பேட்டரி அனுபவத்தை ஒரு சின்னப் பெண் இரண்டு நிமிடத்தில் மூட்டை கட்டிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம். மறுநாள் காலையில் அதுவே வெறியாகிவிட்டது.

அன்றே மனைவியோடு காசிமேட்டுக்குக் கிளம்பினேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். முதல்நாள் ஒன்பது லாரியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பத்தாவது லாரியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றேன். கிளீனர் எட்டிப்பார்த்து, "இன்னா நைனா, போதையா?" என்றான். இல்லையென்று வலது கையை ஆட்டினேன். மறுநாள் பதினொன்று. மூன்று வாரத்தில் வரிசை முழுவதையும் தாண்டி, ஐஸ் உடைக்கிற இடம் வரைக்கும் நிற்காமல் போனேன். அதன்பின் காலடிப்பேட்டைக்கும் அவள் பின்னாலேயே போனேன். கூடை அவள் தலையில், தராசு என் வலது கையில். "இன்னாக்கா, செக்யூரிட்டி வச்சிகினு வர்ற?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். நாலு மாதம் நாற்காலி காத்தவனுக்கு இது உத்தியோக உயர்வு.

தோளுக்குச் சுவர்ப்பயிற்சி சொல்லியிருந்தார்கள். சுவரில் இடது கை விரல்களை வைத்து, பல்லி ஏறுவதுபோல மெல்ல மெல்ல மேலே ஏற்றவேண்டும். எட்டிய இடத்தில் மனைவி சாக்பீஸால் கோடு போடுவாள். வலி உயிர் போகும். கத்துவேன், அவள் கோட்டைப் போடுவாள். இரண்டாவது மாதம் கோடு காலண்டர் ஆணியைத் தாண்டியது. அன்று நானே தலை வாரிக்கொண்டு, எங்கும் போக வேண்டிய வேலை இல்லாமல் தெருவை இரண்டுமுறை சுற்றிவந்தேன்.

இவ்வளவும் நான் செய்தது ஆயுசுக்காக மட்டும் என்றால் பொய். எங்கள் கோயில் திருவிழா வந்துகொண்டிருந்தது. மாதா சப்பரத்தைப் பதினாறு பேர் தோளில் தூக்குவோம். இரண்டு தண்டு, தண்டுக்கு எட்டுப் பேர். இருபத்திரண்டு வருடமாக நான் அந்தப் பதினாறில் ஒருவன். இந்த வருடம் உண்டா, இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

டாக்டர் நான் நடக்கிற தூரத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, இடது தோளில் ஒரு துணி மூட்டைகூடக் கூடாது, வலது தோளில் வேண்டுமானால் தூக்கிப்பாருங்கள், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே விலகிவிட வேண்டும் என்றார். அந்த அனுமதியோடு சப்பரம் தூக்கும் எங்கள் செட்டின் தலைவனிடம் போனேன். துறைமுகத்தில் படகு ஓட்டுபவன், என் வயசு, சின்ன வயதிலிருந்து தோஸ்து. சப்பரத்தின் முன்வரிசையில் வாயில் விசிலைக் கடித்துக்கொண்டு தூக்குபவன் அவன்தான். நிற்கும்போது ஒற்றை விசில் அடித்தால் கிளம்பு, போகும்போது அடித்தால் நில். ரெட்டை விசில் அடித்தால் தோள் மாற்று. நாலு தெருமுனையிலும் சப்பரத்தைக் கவைக்கட்டைகளில் தாங்கவைத்து ரெட்டை விசில் அடிப்பான். வலது தண்டுக்காரர்கள் இடது தண்டுக்கும், இடது தண்டுக்காரர்கள் வலது தண்டுக்கும் போவார்கள். இடது தண்டுக்கு வலது தோள், வலது தண்டுக்கு இடது தோள். ஒரு முனைக்கு மேல் ஒரே தோள் தாங்காது. எங்கள் செட்டில் அப்படித் தாங்கியவன் யாரும் கிடையாது.

"நீ இந்த வருசம் மெழுகுவத்தி புட்ச்சிகினு முன்னால நட தோஸ்து. மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க," என்றான்.

"மெழுகுவத்திய நீ புட்ச்சிக்கோ. விசில எங்கிட்ட குடு."

"தோள் மாத்தறப்ப இன்னா பண்ணுவ? லெஃப்டு தோளு ஆவாதுல்ல?"

பதில் இல்லாதபோது சவால் விடுவது என் வழக்கம். கடற்கரைக் கருங்கல் ஓரமாகக் காசிமேடு வரைக்கும் இரண்டு பேரும் நடப்போம், யார் முதலில் உட்காருகிறார்கள் பார்ப்போம் என்றேன். பீடி குடிக்கிறவன். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "போதும்பா, பேஜார் பண்ணாத," என்றான். நான் அவன் முன்னால் நின்றபடி, வேண்டுமென்றே, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். இடது தண்டில் மூன்றாவது ஆளாக, வலது தோளில் தூக்கலாம். "மொத ரெட்ட விசிலு வரைக்கும்தான். அது ஊதுனா நீ வெளிய. மாத்து ஆளு உள்ள வந்துடுவான். அப்பால பேச்சு கெடையாது." மாதா மேல் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தேன். முதல் தெருமுனை வரைக்கும் என்பது எனக்குப் போதவில்லை. ஆனாலும் மெழுகுவத்தியைவிட மேல்.

திருவிழா அன்று வெயில் தாழ்ந்ததும் கோயில் வாசலில் தண்டுக்கு அடியில் நின்றேன். என் மனைவி பக்கவாட்டில், கையில் மெழுகுவத்தி, பார்வை முழுக்க என்மேல். ஒற்றை விசில். தூக்கினோம். தோளில் அந்தப் பாரம் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. வலியில் இல்லை. என் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று இருந்தது. செபமாலை சொல்கிற கூட்டத்துக்கு நடுவே அடிமேல் அடி வைத்தோம். நெஞ்சு திடமாக அடித்துக்கொண்டிருந்தது. தலை சுற்றவில்லை.

முதல் முனை வந்தது. கவைக்கட்டைகளில் தாங்கவைத்தோம். சத்தியம் சத்தியம்தான் என்று நானே துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வரத் தயாரானேன். விசில் வந்தது. ஒற்றை விசில். எல்லோரும் அதே தோளில் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். கூட்டம் நெருக்கியதால் அடுத்த இடத்தில் மாற்றுவான் போல என்று நினைத்தேன். இரண்டாவது முனையிலும் ஒற்றை விசில். எனக்கு முன்னால் இருந்தவன் துண்டை இரண்டாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டான். மூன்றாவது முனையில் எனக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. ஆனாலும் அதே தோளில்தான் தூக்கினார்கள். நாலாவது முனையும் தாண்டி, தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில், கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கினோம்.

மனைவி ஓடிவந்து என் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தையல் இடத்தைத் தடவிப்பார்த்தாள். நன்றாக இருந்தது. அப்போதுதான் நான் மற்றவர்களைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இடது தண்டுக்காரர்களுக்கு வலது தோள் மட்டும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. வலது தண்டுக்காரர்களுக்கு இடது தோள் மட்டும். இரண்டு பேருக்குத் தோல் உரிந்திருந்தது. எவனுடைய இன்னொரு தோளிலும் ஒரு கோடுகூட இல்லை.

தலைவனிடம் போனேன். "இன்னாடா, ரெட்ட விசிலு ஏன் ஊதல?"

"மறந்துட்டேன்," என்றான். நாலு முனையிலும் மறந்திருக்கிறான். பதினாறு பேரில் ஒருவனும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பேஸ்மேக்கர் வைத்தவன் வாசலிலிருந்து வாசல் வரைக்கும் சப்பரம் தூக்கினான் என்று அந்த வாரம் முழுக்கத் தெருவில் என்னைப் பற்றித்தான் பேச்சு. பெருமையாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாராட்ட வந்த ஒவ்வொருவரிடமும் நான் அந்தத் தோள்களைப் பற்றித்தான் சொன்னேன். ஒரே தோளில் நாலு முனையா, சும்மா ரீல் விடாதே என்றார்கள். நம்பாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தலைவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"சட்டையக் கழட்டுடா," என்றேன்.

அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையால் என்னைத் திட்டிவிட்டு, அவன் சட்டையைக் கழற்றினான்.