மண்ணுக்குள்ளிருந்து வந்த 200

போன ஐப்பசி மழையில், பொகவந்தலாவைக்கு மேலே என் அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில் நடந்தது இது. நான் ஹட்டனில் அறை எடுத்துத் தங்கி, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கணினி நிரல் எழுதுகிறேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் லயத்துக்குப் போயிருந்தேன். லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாக வீடுகள். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும்.

லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை. முந்தைய வருடம் அங்கே லேசாக மண் சரிந்ததால், தோட்டத்து இளைஞர்களும் நானும் சேர்ந்து மேலே ஒரு கம்பம் நட்டு, மண்ணின் ஈரத்தை அளக்கும் பெட்டியைப் பொருத்தியிருந்தோம். இணையத்தில் ஓடும் என் நிரல் அந்தப் பெட்டியிடம் அடிக்கடி விசாரிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் லயத்து ஆட்களின் போனில் பச்சை வட்டம் தெரியும். இல்லாவிட்டால் சிவப்பு.

இணையத்தில் எதைக் கேட்டாலும் பதிலோடு ஒரு மூன்றிலக்க எண் வரும். 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. 504 என்றால் காத்திருந்து பார்த்தேன், பதிலே வரவில்லை. இந்த எண்களைப் பார்த்து நல்லது கெட்டது பிரித்துச் சொல்ல ஆயத்தமான லைப்ரரிகள் இருக்கின்றன. யாரோ எழுதிவைத்த நிரலை எடுத்து நம்முடையதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் ஒன்றைச் சேர்த்தேன். ‘வெற்றியா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நான் பீற்றிக்கொண்டதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மடிக்கணினி செத்துக் கிடந்தது. மழை கொஞ்சம் அடங்கி, அதற்குப் பதிலாகப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. மலை சரியலாம், எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று தோட்ட ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஒருவரும் அசையவில்லை. முந்தைய வருடம் அப்படிப் போய்த் திரும்பி வந்தபோது பாதிக் கோழிகளைக் காணோம்.

“ஏன் தங்கச்சி, ஒன்னோட பெட்டியே நல்லாருக்குன்னு சொல்லுதே, நாங்க எதுக்குப் போகணும்?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், தோட்டத்தில் நல்லது கெட்டதுக்குத் தப்பு மேளம் அடிப்பவரும் அவர்தான். அக்காவுக்கும் பச்சைக் குழந்தையை ஈரத்தில் தூக்கிப் போக மனமில்லை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

மத்தியானம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே போனைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பெட்டி சொல்லும் ஈர அளவு விடிந்ததிலிருந்து ஒரு புள்ளிகூட மாறவில்லை. அத்தனை மழைக்கு அது ஏறியிருக்க வேண்டும். வயர் ஏதாவது கழன்றிருக்கும் என்று நினைத்து, அக்கா மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த செடி தெரியாத மூட்டம். ஒரு குருவிச் சத்தம் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஓடை எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். எங்கும் இல்லை. சத்தம் என் காலுக்கடியில் இருந்து வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் பாதை முடிந்துவிட்டது. அதற்கப்பால் தேயிலைச் செடிகள் ஓர் ஆள் உயரம் கீழே, வரிசை கலையாமல், ஒன்றுமே நடக்காததுபோல நின்றன. கம்பத்தைக் காணோம். மண் பிளந்த விளிம்பில் பெட்டியின் மூடியும், வயர் அறுந்த பாட்டரியும் மட்டும் கிடந்தன. மீதியை மண் விழுங்கியிருந்தது.

போனில் பெட்டியிடம் விசாரித்தேன். உடனே பதில் வந்தது. 200. பச்சை.

மறுபடி கேட்டேன். 200. கேட்கக் கேட்க, சலிக்காமல், எல்லாம் சரி, எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பாட்டரி என் காலடியில் கிடக்கிறது, பதில் சொல்வது யார்? திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

லயத்து வாசலில் நின்று கத்தினேன். வெளியே வந்த நாலைந்து பேரும் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். “பச்சையாத்தானே இருக்கு?” என்றாள் ஒருத்தி. நான் வரைந்த வட்டமே என்னைப் பொய்க்காரி ஆக்கியது.

பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் கிட்டே வந்தார். “நீ கண்ணால பாத்தியா தங்கச்சி?”

“பாத்தேண்ணே. கம்பம் நின்ன எடமே இல்ல.”

அவர் உள்ளே போய்த் தப்பை எடுத்து, தோல் இறுக அடுப்புச் சூட்டில் காட்டினார். வெளியே வந்து அடிக்க ஆரம்பித்தார். சாவுக்கு அடிக்கிற அடி.

எங்கள் லயங்களில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். கொதிக்கிற உலையை இறக்கிவைத்துவிட்டு வருவார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. “யாருக்கு? யாருக்கு?” என்று மூட்டத்துக்குள்ளிருந்து குரல்கள். அண்ணன் பதில் சொல்லாமல் அடித்துக்கொண்டே கீழே நடந்தார். இழவு வீடு கீழே என்று நினைத்து எல்லோரும் பின்னால் நடந்தார்கள். அக்கா குழந்தையைச் சால்வைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். பிணம் இல்லாத அந்த ஊர்வலத்தில், ஆளாளுக்குத் தன் வீட்டு ஆட்களைத் தேடித் தேடித் தொட்டுப் பார்த்துக்கொண்டதை என்னால் மறக்க முடியாது. பள்ளிக்கூட வாசலில்தான் அண்ணன் நிறுத்தினார்.

இருட்டுவதற்குள் மலை இறங்கியது. லொறியில் கல் கொட்டுவதுபோலச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. லயத்தில் பாதி போய்விட்டது, அக்காவின் வீடும்தான். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ‘பச்சையாத்தானே இருக்கு?’ என்று கேட்டவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். அப்போதும் பச்சை.

பிறகுதான் கண்டுபிடித்தேன். பெட்டிக்கும் என் நிரலுக்கும் நடுவே, எங்கோ இருந்த ஒரு கணினி, பெட்டி கடைசியாகச் சொன்ன நல்ல பதிலைச் சேமித்து வைத்திருந்தது. பெட்டி வாயை மூடியதும் அந்தப் பழைய பதிலையே 200 போட்டுத் தந்துகொண்டிருந்தது. லைப்ரரி எண்ணை மட்டும் பார்த்தது. நான் வட்டத்தை மட்டும் பார்த்தேன்.

அண்ணனுக்கு வேறு கவலை. முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. “சாவு அடி அடிச்சாச்சு தங்கச்சி. சாவு யாரோடதுன்னு அது தேடிக்கிட்டே இருக்குமே” என்றார். குழந்தையை யாராவது தூக்கினால்கூடப் பயந்து பார்த்தார்.

கரண்ட் வந்ததும் அந்த நடுக் கணினி சேமித்து வைத்திருந்த பதிலை அழித்துவிட்டு, பெட்டியிடம் கடைசியாக ஒருமுறை விசாரித்தேன். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரை வெகுநேரம் சும்மா சுற்றியது. பிறகு வந்தது: 504.

“பெட்டிதாண்ணே செத்தது” என்றேன். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய்ச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இப்போதும் அக்கா ‘நல்லா இருக்கோம்’ என்று செய்தி அனுப்பினால், உடனே போன் போட்டு அவள் குரலையும் குழந்தையின் சிணுங்கலையும் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.