மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியவர்

வாட்ச் இன்னும் கிடைக்கவில்லை, வழக்கும் பதிவாகவில்லை. பேராவூரணிக்குக் கிழக்கே கடலோரக் காவல் நிலையத்தில் ஏட்டு இன்று மாலை உறுதி செய்தது இவ்வளவுதான்.

காலையில் கழிமுகத்தில் துடுப்புப் படகு ஓட்ட வந்த கும்பகோணத்து இளைஞர் ஒருவர் படகு கவிழ்ந்து தண்ணீரில் விழுந்தார். படகை வாடகைக்கு விட்ட மீனவர் செல்லையா நீந்திப் போய், அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்துவந்து கரை சேர்த்தார்.

அந்தக் கையில்தான் விலை உயர்ந்த வாட்ச் இருந்தது. கரையேறியபோது இல்லை. செல்லையா கழற்றிக்கொண்டார் என்பது இளைஞரின் புகார்.

"வாட்சைக் கழட்டி வைக்கச் சொல்லலையா?" என்று நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லையாவிடம் கேட்டேன்.

"சொல்ல மாட்டேங்க. எங்ககிட்ட குடுத்துட்டுப் போயி ஒண்ணு காணோம்னா, நாங்கதானே திருடன்? அதான் கையிலயே கட்டிக்குங்கன்னுட்டேன்."

அதே பெஞ்சின் மறுமுனையில் இளைஞர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "மாமனார் போட்டது சார். கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது. வெறுங்கையோட எப்படி வீட்டுக்குப் போவேன்?"

"உசுரோட போறீங்கல்ல தம்பி," என்றார் ஏட்டு.

கிளம்பும்போது செல்லையா வாசல் வரை வந்தார். "அடுத்தவாட்டி ஒருத்தர் முங்குனா எதைப் பிடிச்சுத் தூக்குறதுங்க?"

நாளை காலை நீர் வற்றியதும் செல்லையாவின் மைத்துனர்கள் சேற்றில் இறங்கித் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் மதியம் வழக்குப் பதிவாகும் என்கிறார் ஏட்டு.

செல்லையாவின் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால், அதற்குள் எழுதுங்கள்.