பூசாரி வீட்டு ரேடியோ

நேற்று ஜமுனாமரத்தூர் சந்தையில், துணிக்கடைக்காரரின் செல்போனில் கிறிஸ்தவப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும், "சிற்றலையில் தொடங்கிய நம் வானொலி இப்போது இணையத்தில், இன்றும் விளம்பரம் இல்லாமல்" என்றது ஒரு குரல். எடுத்த புடவையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் தினமும் ஒலித்த நிலையம் அது.

என் தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். அம்மா அழவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை. சாமை குத்துவாள், சோறாக்குவாள், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

அப்பா ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி. ஒரு சாயங்காலம் அவர் ரேடியோவைத் திருகியபோது, இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் இயேசுவைக் கூப்பிட்டுப் பாடுவது கேட்டது. அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் அப்பா அந்த நிலையத்தையே வைத்தார். தெளிவாகக் கேட்கட்டும் என்று கூரைமேல் ஏறிக் கம்பிகூடக் கட்டினார்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா பூசாரி, உன் வூட்லயே இந்தப் பாட்டா? ஆத்தா பொறுப்பாளா?"

"ஆத்தாவும் பெத்தவதாங்க, பொறுத்துப்பா. ஊருக்கு ஒத்துவரலன்னா கோயில் சாவிய வாங்கிக்குங்க."

கவுண்டர் உள்ளே ரேடியோப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். சாவியைக் கேட்காமலே போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒருநாள், பாட்டுக்கு நடுவே அம்மா வாய் திறந்தாள்.

"இதப் பாடறவளும் புள்ளயப் பறிகுடுத்தவதான் போல."

"ஆமா" என்றார் அப்பா.

அப்போதுதான் அம்மா அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நிகழ்ச்சி முடிந்து வெறும் இரைச்சல் வந்தபோதும் ரேடியோவை நிறுத்த எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.